பதிமூன்றால் வகுத்துப் பார்க்கவும்

ஜனவரி 12

முகம் தெரியாத உங்களுக்கு,

வணக்கம். நான் உயிரோடு, நலமாக இருக்கிறேன். இந்த வரியை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்; போன வருடம் இதே நேரத்தில் ஒரு காய்ச்சல்கூட இல்லாமல் இருந்தவன், நடுவில் என்னென்னவோ ஆகிவிட்டது. என்னை மீட்டுக் கொடுத்த நீங்கள் நலமா? வீட்டில் எல்லாரும் சுகமா?

எனக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்தது யார் என்று இரண்டு வருடத்துக்குச் சொல்ல மாட்டார்களாம். கடிதம் எழுதலாம். பெயர், ஊர், எண் எதுவும் எழுதக்கூடாது, எழுதினால் கொடையாளர் பதிவு அலுவலகத்தில் ஒருவர் கறுப்பு மை பூசிவிடுவார் என்று நர்ஸ் சொன்னார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சீட்டு. அதில், கவர்மேல் மட்டும் எழுத வேண்டிய உங்கள் கொடையாளர் எண் இருக்கிறது: ▇▇▇▇▇▇▇. பூசிவிட்டாரா? எதற்கும் எழுதிப் பார்த்தேன்.

நான் பட்டறையில் பல்சக்கரம் வெட்டுகிறவன். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை உடைத்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நூற்றிருபது பல் வேண்டும் என்றால் இரண்டு, மூன்று, ஐந்து என்று பிரித்துக்கொண்டு சீட்டியடித்தபடி வெட்டிவிடலாம். நூற்றிருபத்தேழு என்றால் அன்று முழுக்கப் பாடுதான். அது எதாலும் வகுபடாது, பகா எண்.

கண்ணாடி அறையில் என்னை முப்பத்து மூன்று நாள் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே வீட்டுக்காரி, உள்ளே நான், கையில் உங்கள் எண். ஏழு இலக்கம். அது உடையுமா என்று பார்க்க, 2713 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. நாளுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டேன். சில நாள் பென்சிலைப் பிடிக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஆனாலும் இன்றைய பன்னிரண்டை முடிக்காமல் சாகக்கூடாது என்று வீம்பு. கடைசி நாள், கடைசி வகுத்தல், அதிலும் மீதி வந்தது. உங்கள் எண்ணை யாராலும் உடைக்க முடியாது.

அன்றுதான் டாக்டர் உள்ளே வந்து, "உங்க உடம்பு புது மஜ்ஜையை ஏத்துக்கிச்சு"ன்னார். இரண்டையும் சேர்த்து ஒரே அழுகையாக அழுதேன்.

நன்றி என்று எழுதினால் பத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வலித்ததா?

உங்கள் இடுப்பு எலும்பும் நீங்களும் நூறு வருடம் திடமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பல்சக்கரக்காரன்


பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிவிட்டது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் பெண். வயது முப்பத்து நான்கு. ஆயத்த ஆடை ஆலையில் காஜா மெஷினில் இருக்கிறேன். சட்டையில் பட்டன் நுழைய ஓட்டை போட்டு நூலால் கட்டுவோமே, அதுதான் காஜா. ஒரு சட்டைக்கு எட்டு. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்று உங்களிடம் சொன்னால் அதையும் உடைத்துப் பார்ப்பீர்கள், அதனால் சொல்லவில்லை.

நீங்கள் நன்றி சொல்லும் அளவுக்கு நான் எதுவும் செய்துவிடவில்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எழுதும்போது எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு இந்த நோய் எந்த மாதம் வந்தது? மஜ்ஜை வேண்டும் என்று எப்போது தேட ஆரம்பித்தார்கள்? தேதி நினைவிருந்தால் எழுதுங்கள்.

வெந்நீர் குடியுங்கள். கூட்டத்தில் போகாதீர்கள்.

காஜாக்காரி


மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

இப்படிக் கூப்பிடலாம்தானே? என் ரத்தப் பிரிவு "ஓ"வாக இருந்தது, இப்போது முழுசாக "பி" ஆகிவிட்டது. உங்கள் ரத்தம்தான் ஓடுகிறது. கூடப் பிறக்கவில்லை என்றாலும் இது கூடப் பிறந்த கணக்குதான். நான் நலம், அண்ணி நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். பார்த்தீர்களா, ஒரு வரியிலேயே "நீ"க்கு இறங்கிவிட்டேன். வயதில் பன்னிரண்டு வருடம் பெரியவன், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? வாயெல்லாம் புண்ணாகி ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி கெஞ்சி, திட்டி, ஓய்ந்துபோயிருந்தாள். கவரைப் பார்த்ததும் அதைப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒரு தட்டு முடிச்சாத்தான் லெட்டரு" என்றாள். முடித்தேன். அதிலிருந்து தினமும் அதே கடிதத்தை வைத்தே சாப்பிட வைக்கிறாள். படித்ததையே படித்துக்கொண்டு சாப்பிடுகிறேன். மடிப்பு கிழிந்துவிட்டது.

எதுவும் செய்யவில்லை என்கிறாய். செய்தவர்கள் யாரும் செய்தேன் என்று சொல்வதில்லை.

நோய் வந்தது போன ஜூனில். தேட ஆரம்பித்தது ஆகஸ்டில். அதற்கு முன் நான் கல்லுக் குண்டாக இருந்தேன். எதற்குக் கேட்டாய் என்று தெரியவில்லை, கேட்டதால் சொல்கிறேன்.

இன்னொரு சேதி. ரத்தம் எடுக்க வருகிற டெக்னீஷியனிடம் உன் எண்ணைப் பற்றி ஓயாமல் பேசியதில், அவர் தொல்லை தாங்காமல் கணினியில் தேடிப் பார்த்தார். பகா எண்களையெல்லாம் இரண்டிலிருந்து வரிசையாக நிறுத்தினால் உன்னுடையது சரியாக ஐந்து லட்சமாவது இடத்தில் நிற்கிறதாம். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. "யோகக்காரர் சார் நீங்க"ன்னார். மைக்காரர் ஐயா, இதில் எண் எதையும் நான் எழுதவில்லை, கவனியுங்கள். உங்களுக்கும் நலம் உண்டாகட்டும்.

வலித்ததா என்று கேட்டேனே, பதில் காணோம்.

அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கும் உங்களுக்கும் வணக்கம். வாய்ப்புண் ஆறிவிட்டதா? என் கடிதம் கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகவே இதைக் கெட்டித் தாளில் எழுதுகிறேன். சட்டைக் காலருக்குள் வைக்கிற அட்டை.

போன ஜூன் என்றால் அதற்கு முந்தைய வருடம் உங்களுக்கு ஒன்றும் இல்லை. அதைப் படித்ததும் பெருமூச்சு விட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பக்கத்து மெஷினில் ஒருத்தி இருக்கிறாள். ஆலையில் பதிவு முகாம் நடந்தபோது அவளும் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியைத் தேய்த்துக் கொடுத்தாள். பதிவு செய்தால் அரை நாள் லீவு, அதனால் வரிசையே நின்றது. பிறகு எல்லாரும் மறந்துவிட்டோம். ஒரு நாள் அவளுக்கு அழைப்பு வந்தது. யாருக்கோ பொருந்துகிறது, கடைசிப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று. வருகிறேன் என்றாள். பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஒரு கடையில் போய் உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, மூன்று டீ குடித்தாள். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டாள். நாள் முழுக்க ஊசியோடு வேலை செய்கிறவள். ஊசிக்குப் பயந்தாள்.

அந்த நோயாளி என்ன ஆனார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்களாம், விதி. இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. காஜா போடும்போது திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படி ஒருத்தியைப் பற்றி, காத்திருந்தவர் என்ற முறையில், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மனதில் பட்டதை எழுதுங்கள். அவளிடம் அப்படியே சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காஜாக்காரி


ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

அட்டைக் கடிதம் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டில் சாய்த்து வைக்க வாகாக இருக்கிறது என்று அண்ணி சொல்லச் சொன்னாள். இருவரும் சுகம். உன் கை, கால், விரல் எல்லாம் சுகமா?

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டாய். முதலில் என் கதையைச் சொல்கிறேன். என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய காலையில், பேப்பர் வாங்கிவருகிறேன் என்று வாசலில் அண்ணியை நிறுத்திவிட்டு நழுவினேன். நேரே ஒரு சலூனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். முகச்சவரம் முடிந்தது. முடிவெட்டு முடிந்தது. "வேற என்ன சார்?" என்றார் அவர். மறுபடியும் சவரம் செய்யச் சொன்னேன். அண்ணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இத்தனைக்கும் அது என் உயிர். என் உயிருக்கே நான் ஓடினேன் என்றால், அவள் யாரோ ஒருவர் உயிருக்குப் பாதி தூரமாவது பஸ்ஸில் போயிருக்கிறாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். காத்திருந்தவன் இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்கிறாள் என்கிறாயே, அதைப் படித்ததும் அவளுக்காகத்தான் மனம் அடித்துக்கொண்டது. இதை அப்படியே சொல்.

சரி, உன்னைச் சிரிக்க வைக்க ஒரு விளையாட்டு. நான் அடைபட்டிருந்த கண்ணாடி அறையின் எண் பதிமூன்று. உன் கொடையாளர் அட்டையை எடுத்து, அந்த எண்ணை நீயே பதிமூன்றால் வகுத்துப் பார். விடையை எழுதாதே, மைக்காரர் பூசிவிடுவார். மீதியை மட்டும் எழுது. என் கணக்கும் உன் கணக்கும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு வரும், அட்டை சரியானதுதானா என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்.

இன்னும் சொல்லவில்லை நீ. வலித்ததா?

அண்ணன்


மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சலூன் கதையைப் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்விட்டு வெகு நேரம் கழித்து வந்தாள். உங்களுக்கு அவள் வணக்கம் சொல்கிறாள். அண்ணி சுகமா?

அட்டை பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. கூட்டினேன். நாற்பத்தாறுதான். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது, அண்ணா. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு அட்டைப்பெட்டியின் பின்னால் வகுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் இத்தனை பெரிய வகுத்தல் போட்டதில்லை. விடை ▇▇▇▇▇▇. மீதி ஒன்றும் வரவில்லை. தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். சூப்பர்வைசரின் கால்குலேட்டரிலும் தட்டிப் பார்த்தேன். சரியாகப் போகிறது. மீதி பூஜ்யம்.

நான் கணக்கில் மக்கு, ஏதோ தவறு செய்திருப்பேன். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து மெஷின்காரிக்கு மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. வேறு யாரோ ஒரு நோயாளி. ஜூலை கடைசியில் தேதி. இந்த மாதத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். தினமும் போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறாள். போய்விட்டு மறுபடியும் வழியில் இறங்கிவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன்.

காஜாக்காரி


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

நலம். அண்ணியும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். காய்ச்சல் மாதிரி இருந்தது, பயப்படும்படி ஒன்றும் இல்லை. இப்போது பட்டறைக்கு அரை நாள் போகிறேன்.

நீ மக்கு இல்லை. உன் வகுத்தல் சரி.

பக்கத்து மெஷின்காரிக்கு ஒரு சேதி. அவள் சம்மதம் சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, இதைப் படித்துக் காட்டு. பஸ்ஸில் நடைபாதையோரம் உட்கார வேண்டாம், இறங்கத் தோன்றும். உள்பக்கம், ஜன்னலை ஒட்டி உட்காரட்டும். பக்கத்தில் பருமனான ஆளாகப் பார்த்து உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பயத்தோடு போனால் போதும், தைரியம் வந்தபிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் கடைசியில் ஆஸ்பத்திரிக்குள் போனது தைரியத்தோடு இல்லை, பளபளவென்று இரண்டு முறை சவரம் செய்த முகத்தோடு.

அப்படியும் இறங்கிவிட்டால், எனக்கு எழுதச் சொல். அப்போதும் நான் பதில் போடுவேன்.

உன் அண்ணன்


ஜூலை 29, காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எழுதுகிற இடம் ஆஸ்பத்திரி வராந்தா, பச்சை பெஞ்ச். இன்னும் முக்கால் மணி நேரத்தில் கூப்பிடுவார்கள். வாசலில் தபால் பெட்டி இருக்கிறது, உள்ளே போகுமுன் இதைப் போட்டுவிடுவேன். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன்.

உங்களுக்கு மஜ்ஜை கொடுத்தது நான் இல்லை.

பக்கத்து மெஷினில் யாரும் இல்லை, அண்ணா. அது ஒரு வருடமாக ரிப்பேரில் கிடக்கிறது. மூன்று டீ குடித்தவள் நான்தான். என் ரத்தம் "பி"கூட இல்லை. உங்கள் முதல் கடிதம் ஏன் என்னிடம் வந்தது என்று எனக்குத் தெரியாது. பிரித்தபோது அது எனக்கானது இல்லை என்று உடனே தெரிந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு வந்திருக்க வேண்டிய ஒரு கடிதம் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றிவிட்டது. அந்த பஸ்ஸை விட்டு இறங்காமல் இருந்திருந்தால். அதனால் வைத்துக்கொண்டேன். நான் தவிக்கவிட்டது உங்களைத்தானோ என்று பயந்துதான் மாதம் கேட்டேன்.

நீங்கள் தங்கை என்று எழுதியபோது நிறுத்தியிருக்கலாம். என் கடிதத்தை வைத்து அண்ணி உங்களைச் சாப்பிட வைக்கிறாள் என்று எழுதினீர்கள். அதன் பிறகு எப்படி நிறுத்துவேன்? உங்கள் உண்மையான கொடையாளருக்குப் போக வேண்டிய நன்றி எல்லாவற்றையும் ஏழு மாதமாக நான் தின்றிருக்கிறேன். அவருக்கு எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமலே விட்டாலும் எனக்குப் புரியும்.

இன்று உள்பக்கம்தான் உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் ஒரு பெரியம்மா, நல்ல பருமன், மடியில் இரண்டு பைகள். அந்த இரண்டு நிறுத்தமும் போனது. டீக்கடையும் போனது.

வந்ததும் ஒரு நர்ஸ், மஜ்ஜையைப் பிடிக்கும் பையின் லேபிளில் என் எண்ணை எழுதினார். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "ஏழு, ஆறு, மூணு, எட்டு, ஏழு, எட்டு, ஏழு. போதுமாம்மா?" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

கூப்பிடுகிறார்கள்.

உங்கள் தங்கையாக நடித்தவள்


ஆகஸ்ட் 20

பெறுநர் இருவருக்கும்,

நலமே விளைக. கடிதப் பரிமாற்றப் பிரிவில் கறுப்பு மை பூசுகிறவன் எழுதுவது. ஏழு-மூன்று-ஆறு என்று கவரில் இருந்ததை ஏழு-ஆறு-மூன்று என்று ஏட்டில் ஏற்றியது நான். மன்னிக்க வேண்டுகிறேன். மே மாதத்திலேயே, மீதி பூஜ்யம் என்ற வரியைப் படித்தபோது எனக்குப் பொறி தட்டியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் என்ன இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டுவிட்டேன். மேலதிகாரியிடம் பிழையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி இருவரும் விரும்பினால் எழுதிக்கொள்ளலாம். ஜூலை 29 கடிதத்துக்கும் இத்துடன் வரும் கடிதத்துக்கும் என்னிடம் மை தீர்ந்துவிட்டது.

மைக்காரர்


ஆகஸ்ட் 18

அன்புத் தங்கைக்கு,

முதலில் உடம்பு எப்படி இருக்கிறது, அதைச் சொல். நிமிர முடிகிறதா? மெஷினில் உட்காரக்கூடாது, பத்து நாளாவது மாப்பிள்ளை சமைக்கட்டும். இங்கே இருவரும் நலம். உன் கடிதத்தை அண்ணிதான் முதலில் படித்தாள். படித்து முடித்து, "போயிட்டா!" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு மே மாதமே தெரியும்.

உன் மீதி பூஜ்யம் என்று வந்ததும் சிரித்தேன், பாவம் தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று. என் கணக்கில் மீதி பத்து. ஆனால் நீ கால்குலேட்டரிலும் பார்த்திருந்தாய். பகா எண் பதிமூன்றால் வகுபட வழியே இல்லை. அப்படியானால் அட்டையில் இருப்பது வேறு எண். கூட்டுத்தொகை மட்டும் அதே நாற்பத்தாறு. இந்த மாதிரிப் பிழை எனக்குப் பழகியது. ஒரு தடவை படத்தில் 36 பல் என்று இருந்ததை 63 என்று வெட்டி, பட்டறையே கைகொட்டிச் சிரித்தது. இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. என்னிடம் இருக்கும் எண் 7368787. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாற ஆறு வழிதான் உண்டு. ஆறையும் எழுதிப் பதிமூன்றால் வகுத்தேன். ஐந்தில் மீதி வந்தது. மூன்றும் ஆறும் இடம் மாறிய ஒன்றில் மட்டும் வரவில்லை. 7638787. நீ மறைத்த எண்ணை நீயே ஒரு பூஜ்யத்தில் அனுப்பிவிட்டாய்.

அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கெட்ட கோபம். யாரோ ஒருத்தியைத் தங்கை தங்கை என்று உருகியிருக்கிறேனே, நல்ல முட்டாளாக்கிவிட்டாளே என்று. அண்ணியிடம் சொன்னேன். அவள் கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "மஜ்ஜை குடுத்தது ஒருத்தரு. உங்களைச் சாப்பிட வெச்சது யாரு? எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றாள். கோபம் அங்கேயே புஸ்ஸென்று இறங்கிவிட்டது.

பிறகு பக்கத்து மெஷின்காரி யார் என்று தானாகவே விளங்கியது. எனக்குத் தெரியும் என்று நான் எழுதியிருந்தால் நீ வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வாய். இல்லையென்றால் எனக்கு ஈடு கட்டுவதற்காகப் போவாய். இரண்டும் வேண்டாம் என்று நினைத்தேன். ஆறு வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். காய்ச்சல் என்று எழுதியது பொய். சரிக்குச் சரி ஆகிவிட்டது.

சரியான கொடையாளருக்கும், கவரில் எண்ணை எழுத்தாலேயே எழுதி, தனியாகக் கடிதம் போட்டுவிட்டேன். பதில் வந்தது, மொத்தம் நான்கு வரி. "கடிதம் கிடைத்தது. நான் நலம். நன்றியெல்லாம் எதுக்கு சார். லாரி கிளம்புது." அவ்வளவுதான். அதையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஏழு மாதம் பக்கம் பக்கமாக இவருக்கு எழுதியிருந்தால் மனுஷன் லாரியோடு ஓடிப்போயிருப்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல ஜோடிச் சக்கரம் என்றால் இரண்டின் பல் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணி இருக்கக்கூடாது. அப்போதுதான் இதன் ஒவ்வொரு பல்லும் அதன் எல்லாப் பல்லையும் ஒரு தடவையாவது தொடும், தேய்மானம் ஓரிடத்தில் விழாது. உன் எண்ணுக்கும் என்னிடம் இருக்கும் எண்ணுக்கும் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ரத்தம் பொது இல்லை, ஊர் பொது இல்லை, தொழில் பொது இல்லை. பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஜோடி மாதிரி இருக்கிறது. நடித்தவள் என்று இனிமேல் கையெழுத்துப் போட்டால் பதில் வராது.

நீ யாருக்குக் கொடுத்தாயோ, அவர் சார்பில் நான் முந்திக்கொண்டு சொல்கிறேன். நன்றி. இது சரியான விலாசத்துக்குத்தான் வருகிறது.

உன் அண்ணன்


நவம்பர் 18

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

தங்கையின் வணக்கம். இங்கே நான் சுகம், உங்கள் மாப்பிள்ளையும் சுகம். பத்து நாள் சமைத்ததை இன்னும் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார் போலிருக்கிறது. நீங்கள் முழு நாள் பட்டறைக்குப் போகிறீர்கள் என்று படித்து மனம் நிறைந்தது. பக்கத்து மெஷினை ரிப்பேர் செய்துவிட்டார்கள், நிஜமாகவே ஒருத்தி வந்துவிட்டாள். வாயாடி.

நேற்று பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உங்கள் கையெழுத்து இல்லை. நான் உடனே பிரிக்கவில்லை. மேலே மைக்காரர் பென்சிலால் என் எண்ணை எழுதி, மூன்று தடவை சரிபார்த்த அடையாளம் போட்டிருந்தார். அதை அட்டையோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தேன். அதுவும் போதவில்லை. பேப்பரும் பென்சிலும் எடுத்துப் பதிமூன்றால் வகுத்தேன். மீதி வரவில்லை, அண்ணா. அப்புறம்தான் பிரித்தேன்.

ஒரு சமையல்காரம்மா எழுதியிருக்கிறார். ஐந்து மாதமாக நாக்கு செத்துக் கிடந்ததாம், போன வாரம் உப்பு தெரிந்ததாம். அதை எழுதிய இடத்தில் எழுத்து கலங்கியிருக்கிறது. நான் படித்த இடத்திலும் கலங்கிவிட்டது. கடைசி வரியில் அவரும் அதையேதான் கேட்டிருக்கிறார். வலித்ததா என்று.

அவருக்குப் பதில் எழுதுமுன் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். மூன்று கடிதத்தில் கேட்டீர்கள், நான்காவதில் கேட்காமல் விட்டீர்கள். ஏன் விட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது, அதற்கும் சேர்த்து நன்றி.

வலித்தது, அண்ணா. இடுப்பில், நான்கு நாள். படி ஏறும்போது அதிகம். ஐந்தாம் நாள் எழுந்தபோது வலி போயிருந்தது, எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

உங்கள் தங்கை